வேப்பமரத்துச் சாளைக்கு ஒரு மர போர்டு: மூணு விதமா ஸ்டென்சில் போட்டுப் பாத்த ரிவ்யூ

முதல்ல ரிசல்ட்ட சொல்லிடறேன், அவசரத்துல இருக்கறவங்க இதோட கிளம்பிக்கலாம். தமிழ்ல ஒரே ஒரு மர போர்டு எழுதணும்னா ஸ்டென்சிலுக்குன்னு, அதாவது எழுத்த ஓட்டையா வெட்டி மேல பெயிண்ட் அடிக்கற ஷீட்டுக்குன்னு, தனியா காசு செலவு பண்ணாதீங்க. பீரோ மேல தூங்கற பழைய எக்ஸ்ரே ஃபிலிமும் சர்ஜிக்கல் கடையில கிடைக்கற 11ஆம் நம்பர் ப்ளேடும் போதும். ஆன்லைன்ல வாங்கின ஷீட்டுக்கு அஞ்சுக்கு ரெண்டு, ஸ்டிக்கர் கடை கட்டிங்குக்கு மூணு, நானே வெட்டினதுக்கு நாலரை. அந்த அரை மார்க் ஏன் கொறஞ்சதுன்னா விரல வெட்டிக்கிட்டேன், அதனால.

இனி கதை. ஆனைமலை பக்கம் மாமாவோட தோட்டம், உள்ள ஒரு பழைய ஓட்டு வீடு, அத இப்போ கொஞ்சம் சரி பண்ணி சொந்தக்காரங்க வந்தா தங்கற மாதிரி ஆக்கியிருக்காங்க. கேட்ல ஒரு போர்டு வேணும், ஃப்ளெக்ஸ் வேண்டாம், பாத்தா மரம்னு தெரியணும், கையில எழுதின மாதிரி இருக்கணும்னு அத்தை சொல்லிட்டாங்க. பேரு வேப்பமரத்துச் சாளை. எங்க கொங்குப் பக்கம் தோட்டத்துக்குள்ள இருக்கற வீட்ட சாளைன்னுதான் சொல்லுவோம். இந்த ‘ள’வ ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

நியாயமா பாத்தா இதுக்கெல்லாம் ஒரு ஆர்ட்டிஸ்ட்டத்தான் கூப்பிடணும். சாக்பீஸ்ல ரெண்டு கோடு போட்டுட்டு ஒரு மணி நேரத்துல எழுதிட்டு டீ குடிச்சிட்டு போயிருவாரு. ஆனா நானே பண்ணி தர்றேன்னு வாய விட்டுட்டேன், என் கையெழுத்து டாக்டர் சீட்டு மாதிரி இருக்கும், அதனாலதான் இந்த ஸ்டென்சில் பாடு.

மரத்த பத்தி சீக்கிரமா சொல்லி முடிச்சிடறேன். கோயமுத்தூர் குறிச்சி சிட்கோ பக்கம் கம்பெனிகளுக்கு வர்ற பேலட்ட, அதாவது சரக்கு அடுக்கி வர்ற மரத் தட்ட, பிரிச்சு கட்டையா விப்பாங்க, அங்கதான் நாலு பலகை எடுத்தேன், ஒவ்வொண்ணும் மூணரை இஞ்ச் அகலம், மூணு அடி நீளத்துக்கு அறுத்து பின்னாடி ரெண்டு ரீப்பர் வச்சு ஸ்க்ரூ போட்டா போர்டு ரெடி. பேலட் எடுக்கும்போது ஒண்ணு மட்டும் பாருங்க, வெளிநாட்டுல இருந்து வந்ததுன்னா கோதுமைக்கதிர் படம் போட்ட ஒரு முத்திரை இருக்கும், அதுல எச்டின்னு (HT) இருந்தா சூடு பண்ணி பூச்சி கொன்ன மரம், எம்பின்னு (MB) இருந்தா மீத்தைல் ப்ரோமைடு வாயு அடிச்சது. எம்பி போட்டத நான் தொடல. உப்புத்தாள் 80ஆம் நம்பர்ல ஒரு தடவ, 120ல ஒரு தடவ, அதுக்கு மேல தேய்க்காதீங்க, பழைய மரத்தோட அழகே போயிரும். ஸ்டெயினுக்கு கடுந்தேயில டிக்காஷன் ஒரு கோட், காஞ்சதும் ஸ்டீல் வுல் ரெண்டு நாள் ஊற வச்ச வினிகர் ஒரு கோட். இந்த பேலட் பைன் மரம், அதுல டானின் (துவர்ப்புச் சத்து) கம்மி, டீதான் அத குடுக்குது, வினிகர்ல கரைஞ்ச இரும்பு அதோட சேந்து கண்ணு முன்னாடியே மரம் சாம்பல் கலந்த கருப்பா மாறும். அத பாக்கறதுக்காகவே இன்னொரு போர்டு பண்ணலாம் போல.

சரி ஸ்டென்சிலுக்கு வருவோம்.

முதல்ல ஆன்லைன்ல தேடினேன். இங்கிலீஷ் எழுத்து செட்டு எக்கச்சக்கமா இருக்கு, தமிழ் செட்டு எனக்கு ஒண்ணு கூட கண்ணுல படல. யோசிச்சா நியாயம்தான், அவங்களுக்கு 26 எழுத்து வெட்டி கவர்ல போட்டா வேலை முடிஞ்சுது, நமக்கு 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஒரு ஆய்தம்னு 247, எவன் செட்டு போடுவான். ஆனாலும் ஓரத்துக்கு ஒரு இலை டிசைன் வேணும்னு 349 ரூவாய்க்கு ஒரு ஸ்டென்சில் பாக்கெட் வாங்கினேன், கம்பெனி பேரு வேண்டாம். படத்துல நல்ல கெட்டியா தெரிஞ்சுது. வந்தது ஓஎச்பி ஷீட் (பழைய ப்ரொஜெக்டர்ல வைக்கற ப்ளாஸ்டிக் ஷீட்) மாதிரி லொட லொடன்னு இருக்கு. ஸ்டென்சிலுக்குன்னு விக்கற நல்ல மைலர் (ஒரு வகை பாலியஸ்டர்) ஷீட் 190 மைக்ரான் தடிமன் இருக்கும், ஓஎச்பி ஷீட் சாதாரணமா 100 மைக்ரான்தான், இது ரெண்டாவதுக்கு பக்கத்துல. ரெண்டு தடவ கழுவினதும் ஓரம் சுருட்டிக்கிச்சு, ஒரு இலையோட காம்பு அறுந்தே போச்சு. வேப்பிலைன்னு நெனச்சு வாங்கினது போர்டுல பதிஞ்சதும் ஏதோ ஃபாரின் இலை மாதிரி வேற இருந்துச்சு, அது என் தப்பு, சரியா பாக்கல. ரெண்டு மார்க் ஏன்னா ஒரு தடவைக்கு மட்டும் வேணும்னா ஓகே, அதோட வெட்டின ஓரம் சுத்தமா இருந்துச்சு, அத மறுக்க முடியாது.

அடுத்ததுக்கு போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், இது தெரியாம தமிழ்ல ஸ்டென்சில் வெட்ட உக்காந்தா அழுவீங்க. ஸ்டென்சில்ல எழுத்து இருக்கற எடம்தான் ஓட்டை. எழுத்துக்குள்ள மூடின வட்டம் இருந்தா, நடுவுல இருக்கற துண்டு எதுலயும் ஒட்டிக்கிட்டு நிக்காம கீழ விழுந்துரும். அதனால அந்தத் துண்ட வெளி ஷீட்டோட சேக்கறதுக்கு ஒரு சின்ன பாலம் விடணும். இங்கிலீஷ்ல ஏ, பி, டி, ஓ மாதிரி கொஞ்சத்துக்குத்தான் இந்த வேலை. தமிழ்ல? எங்க பேர எடுத்துக்கோங்க, வே ப் ப ம ர த் து ச் சா ளை, மொத்தம் பத்து எழுத்து, அதுல ப், ப, ர இந்த மூணுக்கு மட்டும்தான் பாலம் வேண்டாம். மீதி ஏழுலயும் சுழி. வே-ல கொம்புல தனியா, வ-ல தனியா. ளை-ல பாத்தீங்கன்னா அந்த ரெட்டைச் சுழி கொம்பும் ள-வும் சேந்து ஒரு ஜிலேபி தட்டு.

ஓலையில எழுத்தாணிய வச்சு நேர் கோடு போட்டா ஓலை கிழியும், அதான் நம்ம எழுத்து வளைஞ்சு வளைஞ்சு வந்துச்சுன்னு சொல்லுவாங்க. புள்ளி வச்சா ஓட்டை விழும்னு சுவடியில நெறைய எடத்துல புள்ளியே வைக்காம விட்டுருக்காங்க. ஸ்டென்சில்ல அப்படியே தலைகீழ், வளைவுதான் தலைவலி, புள்ளி வைக்கறதுதான் சொகம், ஒரு ஓட்டை போட்டா முடிஞ்சுது.

இப்போ ஸ்டிக்கர் கடை. பைக், கார் நம்பர் ப்ளேட்டுக்கு ஸ்டிக்கர் வெட்டற ப்ளாட்டர் மெஷின் எல்லா ஊர்லயும் இருக்கு, அங்க வினைல்ல (பின்னாடி பசை இருக்கற ப்ளாஸ்டிக் ஷீட்) எழுத்த வெட்டிக்கிட்டு, எழுத்த பிச்சு எடுத்துட்டு சுத்தி இருக்கற ஷீட்ட மரத்துல ஒட்டினா அதுவே ஸ்டென்சில். இதுல பெரிய லாபம் என்னன்னா பாலமே வேண்டாம், ஏன்னா சுழிக்குள்ள இருக்கற துண்டும் பசையால மரத்துல ஒட்டி நிக்கும், மேல ட்ரான்ஸ்ஃபர் டேப்புன்னு ஒரு அகலமான டேப் போட்டு எல்லாத்தையும் ஒண்ணா தூக்கி ஒட்டிக்கலாம். கேக்க சொர்க்கம் மாதிரி இருக்குல்ல, நானும் அப்படித்தான் நெனச்சேன்.

நான் ஃபோன்ல யூனிகோட்ல அடிச்சு வாட்ஸப்ல அனுப்பினேன். கடையில இருந்த தம்பி அத காப்பி பண்ணி அவரோட பழைய கோரல்ட்ராவுல (டிசைன் பண்ற சாஃப்ட்வேர்) ஒட்டினாரு, கொம்பு எல்லாம் எழுத்துக்கு பின்னாடி போயி நிக்குது, வே-ங்கறது வ-வும் அதுக்கப்புறம் ஒரு அனாதை கொம்புமா இருக்கு. இது அவர் தப்பு இல்ல, இந்த மாதிரி கடைகள்ல நெறைய பேரு இன்னும் பாமினி, வானவில் காலத்து ஃபான்ட்டுலதான் வேலை பாக்கறாங்க, பழைய சாஃப்ட்வேருக்கு யூனிகோட் தமிழ கோத்து எழுதத் தெரியாது. பரவால்லண்ணா நானே டைப் பண்ணிக்கறேன்னு சொன்னாரு. நானும் சரின்னுட்டு வெளிய டீ குடிக்கப் போனேன். டீ குடிக்கப் போனது தப்பு.

திரும்பி வந்தா ஷீட் ரெடி, சுருட்டி ரப்பர் பேண்டும் போட்டாச்சு. வீட்டுக்கு வந்து பிரிச்சா வேப்பமரத்துச் சாலை! கார்ப்பரேஷன்காரன் தெரு முனையில வைக்கற போர்டு மாதிரி. மறுபடி போயி கேட்டா “நீங்கதாண்ணா ஸ்பெல்லிங் மிஸ்டேக் பண்ணிருந்தீங்க, நான்தான் கரெக்ட் பண்ணேன், சாலைக்கு சின்ன ல தான வரும்”னு அவ்ளோ பொறுப்பா சொல்றாரு, கோவம் வரல, சிரிப்புதான் வந்துச்சு. சாளைன்னா என்னன்னு விளக்கினேன், ஓ வீடான்னு கேட்டுட்டு காசு வாங்காம ரெண்டாவது வெட்டிக் குடுத்தாரு. மூணு மார்க்ல ஒண்ணு இதுக்குத்தான்.

ரெண்டாவதுல இன்னொரு பிரச்சனை. து-ல த தனி, அந்த வளைவு தனின்னு பழைய ஃபான்ட்டுல ரெண்டு துண்டா வந்து ஒண்ணு மேல ஒண்ணு உக்காரும். திரையில பாத்தா ஒரே எழுத்து மாதிரி இருக்கும், ப்ளாட்டருக்கு அது ரெண்டு உருவம், அதனால ரெண்டும் சேர்ற எடத்துல குறுக்க ஒரு வெட்டு விழுந்துரும். வெட்டறதுக்கு முன்னாடி வெல்ட் குடுத்து ரெண்டையும் ஒண்ணாக்கணும். நீங்க போனா இந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லுங்க, வெல்ட் பண்ணிருங்கன்னு. இல்லைன்னா வீட்டுலயே புது சாஃப்ட்வேர்ல அடிச்சு எழுத்த உருவமா மாத்தி பிடிஎஃப்பா கொண்டு போங்க, டைப் பண்ற வேலையே அவங்களுக்கு இருக்காது, ஸ்பெல்லிங் கரெக்ட் பண்ற வேலையும் இருக்காது.

ஒட்டினப்புறம்தான் நெஜமான ஏமாத்தம். வினைல் வழவழன்னு இருக்கற எடத்துக்கு செஞ்சது, கார் கண்ணாடி, மைக்கா, அந்த மாதிரி. பேலட் மரத்துல ரேகை மேடும் பள்ளமுமா இருக்கும், மேட்டுல மட்டும் ஒட்டுது, பள்ளத்துல காத்து. பெயிண்ட் அந்த பள்ளத்து வழியா உள்ள ஓடி எழுத்து ஓரமெல்லாம் பூரான் கால் மாதிரி ஆயிருச்சு. இதுக்கு ஒரு வைத்தியம் உண்டு, ஸ்டென்சில் ஒட்டினதும் நேரா வெள்ளை அடிக்காம, முதல்ல நிறமில்லாத வார்னிஷ ஒரு கோட் ஓரத்துல அடிச்சு காய விடணும், ஓடறது எல்லாம் அந்த வார்னிஷா ஓடி சந்த அடைச்சிரும், அதுக்கு மேல வெள்ளை அடிச்சா உள்ள போக வழி இருக்காது. இத ரெண்டாவது பலகையில பண்ணேன், நல்லாவே வந்துச்சு. ஆனா உரிக்கும்போது கடையில போட்டது நிரந்தரமா ஒட்டற வினைலா இருந்ததால மரத்தோட மெல்லிசான நார் எல்லாம் சேந்து வந்துச்சு, டீயும் வினிகரும் போட்டு கொண்டு வந்த கலரும் அதோட போச்சு. கழட்டற மாதிரி பசை கம்மியான வினைல், ஸ்டென்சிலுக்குன்னே வர்ற ஃபிலிம் எல்லாம் இருக்கு, கேட்டு வாங்குங்க, நான் கேக்கல.

இது எல்லாம் சரி பண்ணினாலும் எனக்கு பிடிக்காத ஒண்ணு இருக்கு. வினைல்ல நல்லா வந்த பலகைய தள்ளி நின்னு பாத்தா ஸ்டிக்கர் ஒட்டின மாதிரியே இருக்கு. ஓரம் அவ்ளோ கூர். அத்தை பாத்துட்டு “இது கடையில வாங்கினதா”ன்னு கேட்டாங்க. அதோட அந்த ஐடியாவ தூக்கி போட்டுட்டு உப்புத்தாள எடுத்து மறுபடி முதல்ல இருந்து தேய்க்க ஆரம்பிச்சேன்.

நடுவுல லேசர் கட்டிங் கடையில ஒரு ஃபோன் போட்டு பாத்தேன். கையில கொஞ்சம் பிவிசி ஷீட் இருக்கு, வெட்டி தருவீங்களான்னு. அவரு உடனே முடியாதுன்னுட்டாரு, பிவிசிய லேசர்ல எரிச்சா வர்ற புகை ஆளுக்கும் கேடு, அமிலமா மாறி மெஷினையும் அரிச்சிரும்னு. பாலியஸ்டர் ஷீட் கொண்டு வந்தா வெட்டலாம்னாரு. பத்து எழுத்துக்கு அவ்ளோ தூரம் வேண்டாம்னு விட்டுட்டேன், அதனால அதுக்கு மார்க் கிடையாது.

இப்போ நம்ம எக்ஸ்ரே. அம்மாவோட முட்டி, அப்பாவோட நெஞ்சு, எனக்கு ஸ்கூல் படிக்கும்போது கை ஒடஞ்சது, எல்லாம் ஒரு மஞ்சக் கவர்ல இருந்துச்சு. பழைய எக்ஸ்ரே ஃபிலிமோட அடி ஷீட் பாலியஸ்டர்தான், கிட்டத்தட்ட 175 மைக்ரான், அதாவது காசு குடுத்து வாங்கற மைலருக்கு தம்பி முறை. ஓஎச்பி மாதிரி சுருளாது, கழுவிக் கழுவி பாவிக்கலாம். மேல இருக்கற கருப்பு ரெண்டு பக்கமும் இருக்கும், பாத்ரூம் கழுவற ப்ளீச்சிங் லிக்விட்ல கொஞ்ச நேரம் ஊற வச்சு தேய்ச்சா வழுக்கிக்கிட்டு வந்து லேசான நீல கலர்ல கண்ணாடி மாதிரி ஷீட் கிடைக்கும். க்ளவுஸ் போட்டுக்கோங்க, ஜன்னல திறந்து வைங்க, டாய்லெட் ஆசிட் பக்கத்துல கூட கொண்டு வராதீங்க, ப்ளீச்சும் ஆசிட்டும் சேந்தா க்ளோரின் வாயு வரும், விளையாட்டு இல்ல. அப்புறம் எடுக்கறதுக்கு முன்னாடி வீட்டுல கேட்டுட்டு எடுங்க, அம்மாவோட முட்டி டாக்டருக்கு மறுபடி தேவைப்படும்னு பிடுங்கி வச்சுக்கிட்டாங்க, அப்பாவோட நெஞ்சுலதான் ‘சாளை’ய வெட்டினேன். நெஞ்சு எக்ஸ்ரே பெருசு, 14க்கு 17 இஞ்ச், அதனால ரெண்டாவது வரி முழுசும் ஒரே ஷீட்ல வந்துருச்சு.

எழுத்துக்கு பாலூ தம்பி ஃபான்ட், கூகுள்ல சும்மாவே கிடைக்குது, தடியா குண்டா இருக்கும், பாலம் விட எடம் நெறைய. கவிவாணர் ஃபான்ட் கையில எழுதின மாதிரியே சாய்ஞ்சு அழகா இருக்கும்னு அதையும் ப்ரிண்ட் எடுத்து பாத்தேன், ஆனா கோடு மெல்லிசு, பாலம் விட்டா எழுத்தே காணாம போயிரும். ப்ரிண்ட்ட ஏ4ல துண்டு துண்டா எடுத்து ஒட்டி, அது மேல ஃபிலிம டேப் போட்டு, அடியில ஒரு பழைய ஜன்னல் கண்ணாடி.

ப்ளேடு பத்தி தனியா சொல்லணும். ஸ்டேஷனரி கடை பேப்பர் கட்டர்ல முதல்ல ட்ரை பண்ணேன், நேர் கோட்டுக்கு ஓகே, சுழியில திரும்பவே மாட்டேங்குது. மெடிக்கல் சர்ஜிக்கல் கடையில 3ஆம் நம்பர் கைப்பிடியும் 11ஆம் நம்பர் ப்ளேடும் கேளுங்க. முனை முக்கோணமா ஊசி மாதிரி இருக்கும், ப்ளேடு ஒண்ணு டீ காசுதான், நான் மொத்த வேலைக்கும் ஆறு ப்ளேடு மாத்தினேன். கண்ணாடியில உரசி முனை சீக்கிரம் மழுங்கும், மழுங்கினத வச்சு அழுத்தி வெட்டப் போயிதான் ஆள்காட்டி விரல்ல வாங்கினேன், புது ப்ளேட விட பழைய ப்ளேடுதான் ஆபத்து. கையத் திருப்பாதீங்க, ஷீட்ட திருப்புங்க, ப்ளேடு எப்பவும் உங்கள நோக்கி ஒரே கோணத்துல வரட்டும். சின்ன சுழிய முதல்ல வெட்டிட்டு பெரிய வளைவுக்கு வாங்க, பெருச முதல்ல வெட்டினா ஷீட் தொளதொளன்னு ஆயி சின்னது ஆட ஆரம்பிக்கும். பாலம் ஒவ்வொண்ணும் நாலு மில்லிமீட்டர் விட்டேன், எல்லா சுழிக்கும் மேலயும் கீழயும் ஒரே நேர்ல, அப்படி விட்டா அரிசி மூட்டையில தகர அச்சு வச்சு மண்டி பேரு அடிச்சிருப்பாங்கல்ல, அந்த மாதிரி அதுவே ஒரு ஸ்டைலா தெரியும். இஷ்டத்துக்கு அங்கங்க விட்டா எழுத்துல விரிசல் விட்ட மாதிரி இருக்கும்.

பத்து எழுத்துக்கு ரெண்டு ராத்திரி ஆச்சு. ளை மட்டும் ஒண்ணே கால் மணி நேரம்.

பெயிண்ட் அடிக்கறதுல ஒரே ரகசியம்தான், ப்ரஷ் காஞ்சிருக்கணும். அக்ரிலிக் வெள்ளைய தட்டுல கொஞ்சமா ஊத்தி, ஸ்பாஞ்ச தொட்டு, பழைய நியூஸ்பேப்பர்ல நாலு தடவ ஒத்தி, பெயிண்ட் இருக்கா இல்லையான்னு சந்தேகம் வர்ற அளவுக்கு ஆனதும் மேல இருந்து கீழ நேரா தட்டணும், இழுக்கக் கூடாது. மூணு கோட் வேணும், ஒவ்வொண்ணும் கா மணி நேரத்துல காஞ்சிரும். எனாமல் வேண்டாம், தண்ணியா இருக்கும், ஷீட்டுக்கு அடியில ஓடும், கழுவ டர்பன்டைன் வேற தேடணும். ரெண்டு பலகை சேர்ற எடத்துல எழுத்து விழாத மாதிரி வரிய தள்ளி வச்சுக்கோங்க, நான் ம-வோட அடிக்கோட்ட சரியா சந்துல கொண்டு போயி வச்சுட்டேன், அங்க மட்டும் பெயிண்ட் பல் இளிக்குது.

காஞ்சதும் ஷீட்ட தூக்கிட்டு பாலம் விட்ட எடத்த எல்லாம் ஜீரோ நம்பர் ப்ரஷ்ல நானே நிரப்பினேன், இங்கதான் விஷயமே இருக்கு. நிரப்பின எடம் எல்லாம் லேசா கை நடுங்கி இருக்கும், ஒரு எடத்துல பெயிண்ட் கொஞ்சம் தடிப்பா, இன்னொரு எடத்துல மெல்லிசா, ரேகை தெரியற மாதிரி. தள்ளி நின்னு பாத்தா யாரோ ஒரு ஆளு உக்காந்து எழுதினதுன்னு நம்பற மாதிரி இருக்கு. ச், சா ரெண்டுலயும் மட்டும் வேணும்னே நிரப்பாம விட்டுட்டேன், எது நல்லா இருக்குன்னு பாக்கலாம்னு, இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்கல. மேல தண்ணியில கரையற பாலியூரித்தேன் வார்னிஷ், பளபளக்காத மேட் வகை, ரெண்டு கோட், எண்ணெய் பேஸ் வார்னிஷ் போட்டா நாளாக ஆக வெள்ளை மஞ்சளாயிரும்.

போர்டு மாட்டி ரெண்டு மழை பாத்தாச்சு, எழுத்து அப்படியே இருக்கு, கீழ ஓரத்துல மட்டும் தண்ணி நின்னு லேசா கருத்திருக்கு, அங்க வெட்டு முனைக்கு கோட் போட மறந்துட்டேன். மாமா மாட்டும்போது ஏணிய பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அண்ணாந்து பாத்தாரு. ஏதோ பாராட்டப் போறாருன்னு நானும் மேல நின்னுக்கிட்டு காத்திருக்கேன், “ஏங்கண்ணு, நடுவுல அந்த ச் எதுக்கு, அத எடுத்திருந்தா மத்ததெல்லாம் இன்னுங் கொஞ்சம் பெருசா எழுதியிருக்கலாமுல்ல”ங்கறாரு.